டேக் போட்ட வீடு

சக்திகுமார் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டுக்கு நேராக நீண்ட கை அப்படியே நின்றது.

அது ரெட் டேக். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம். ஒரு பொருளின்மேல் சந்தேகம் வந்தால் அதில் சிவப்பு அட்டையைக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அந்தப் பொருள் 'ஹோல்ட்'. அதை உபயோகிக்கக் கூடாது, பழுது பார்க்கக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. கமிட்டி கூடி முடிவு சொல்லும்வரை அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அனுமதியில்லாமல் டேக்கை அவிழ்த்தவனுக்கு அன்றோடு வேலை போய்விடும். முதலாளியின் காரில் டேக் கட்டியிருந்தால் முதலாளி ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். யாரும் சிரிப்பதில்லை.

அட்டையைப் படித்தான். பொருள், வீடு. எண்ணிக்கை, ஒன்று. குறை, தண்ணீர். நிலை, ஹோல்ட். கீழே சித்தேரி லேக் வியூ நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் முத்திரை.

சக்திகுமார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பத்து வருஷத்துக்கு மேலாக லைனில் நின்றவன். அவனே எத்தனையோ டேக் கட்டியிருக்கிறான்.

வல்லம் வடகாலைச் சுற்றி நெல் விளைந்த இடத்தில் கம்பெனிகள் விளைந்தன. கம்பெனிகளும் வேண்டாமென்று விட்ட இடத்தில் இந்த நகர் விளைந்தது. பெயரில் லேக் வியூ இருந்தாலும், சித்தேரியைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் டேங்க்கின் மேல் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அந்தச் சிரமம் இருக்காது. ஏரியே கீழே இறங்கி வந்து ஹாலில் நிற்கும். அந்த வருஷமும் வந்தது. சக்திகுமாரின் வீட்டில் கணுக்கால் அளவு நின்றது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கால்வாயை மூடி அதன்மேல்தான் நகரின் கிளப் ஹவுஸைக் கட்டியிருந்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் பேசுவதில்லை.

சக்திகுமார் பேசினான். வீட்டில் தண்ணீர் வந்தது என்று சங்கத்தில் புகார் கொடுத்தான். அவன் செய்தது அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் கோபிநாத் ஒரு பெரிய கம்பெனியில் குவாலிட்டி பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் நான்கு நிறத்தில் பேனா வைத்திருப்பார். கிளப் ஹவுஸ் மாடியிலிருந்த சங்க அலுவலகத்துக்குச் சக்திகுமார் போனபோது எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சக்தி, உக்காருங்க. டேக் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"எப்படி இருக்கு?"

கேள்வி புரியவில்லை. "நல்லா இருக்கு சார்" என்றான்.

"லேமினேஷன் பண்ணியிருக்கோம். வீடு நனையலாம், டேக் நனையக் கூடாது. அதுதான் சிஸ்டம்."

"சார், நான் தண்ணி வந்துச்சுன்னு புகார் குடுத்தேன். அதுக்குப் போயி வூட்டையே..."

"அதனாலதான் சக்தி. புகார் இல்லாத வீட்டுக்கு நாங்க எதுக்கு டேக் போடப் போறோம்? உங்க பக்கத்து வீட்டுலயும் தண்ணி வந்தது. அவர் சொல்லல. அவர் வீடு குட் பார்ட்."

சக்திகுமார் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

"நான் முப்பது வருஷம் குவாலிட்டில இருந்தவன்" என்றார் கோபிநாத். "என் பிளாண்ட்ல இருந்து ஒரு டிஃபெக்ட்கூட வெளிய போனதில்ல. அதாவது, போனதா ரெக்கார்டு இல்ல. இந்த நகரையும் அந்த நிலைக்குக் கொண்டு வரணும். உங்க ஒத்துழைப்பு வேணும்."

"ராத்திரி எங்க சார் படுக்கறது?"

"அது உங்க பர்சனல். அதுல சங்கம் தலையிடாது."

மனைவி மோகனப்ரியா பிரசவத்துக்காக வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு வருவாள். அதற்குள் எப்படியும் டேக்கை எடுத்துவிடுவார்கள் என்று சக்திகுமார் நம்பினான். மாற்றுத் துணிகூட எடுக்காமல், கூட வேலை பார்க்கும் ஜெபகுமாரின் வாடகை ரூமுக்குப் போய் ஒரு மூலையில் பாயை விரித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் காரணம் கண்டறியும் கூட்டம் நடந்தது. கம்பெனிகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் மூல காரணம். கோபிநாத் நீல நிறப் பேனாவை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றார்.

"வீட்டுக்குள்ள தண்ணி ஏன் வந்தது?"

"தெருவுல தண்ணி நின்னுச்சு" என்றார்கள்.

"தெருவுல ஏன் நின்னது?"

"ஏரி வழிஞ்சுது."

"ஏரி ஏன் வழிஞ்சது?"

"மழை."

"மழை ஏன் பெய்தது?"

செயலாளர் பேச்சிராஜ் கை தூக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். "கார்த்திகை மாசம்லா அண்ணாச்சி. பெய்யத்தானே செய்யும்?"

"குட் பாயிண்ட். சீசன்." எழுதிக்கொண்டார். "இப்போ அஞ்சாவது ஏன். கவனமா யோசிங்க. அந்த சீசன்ல அந்த வீடு அந்த இடத்துல ஏன் இருந்தது?"

கோபிநாத்தே சொன்னார்.

"சக்திகுமார் வாங்கினதால. அவர் வாங்கியிருக்காட்டி அது வெறும் கட்டடம். கட்டடத்துல தண்ணி வந்தா யாருக்குப் புகார்?" சிவப்புப் பேனாவை எடுத்துப் பலகையில் 'மூல காரணம்: சக்திகுமார்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

கைதட்டினார்கள். சக்திகுமாரும் தட்டினான். கூட்டம் ஒழுங்காக நடந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து மஹாலட்சுமி எழுந்தார். மெயின் ரோட்டு முனையில் அழகு நிலையம் வைத்திருப்பவர்.

"இன்னா சார் கூத்து இது? தண்ணி போற காவா மேல இந்த ஆபீசக் கட்டிக்கினு, தண்ணி ஏன் வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னா அது இன்னா பண்ணும்? பறந்தா போவும்?"

கோபிநாத் கோபப்படவில்லை. "கரெக்ட் மேடம். நூத்துக்கு நூறு கரெக்ட். ஆனா அது ஆறாவது ஏன். சிஸ்டம்ல அஞ்சுதான் இருக்கு."

"ஆறாவதா கேட்டா?"

"ஆறு கேட்டா ஏழு கேப்பாங்க மேடம். அப்புறம் நான் யாருன்னே கேப்பாங்க. எங்கயாவது நிறுத்தணும் இல்லையா?"

மறுநாள் காலை அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது. குறை: கேள்வி. உள்ளே அப்போது ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு புருவம் முடிந்து, மறு புருவம் பாக்கி. அப்படியே எழுந்து போனாள். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டேக் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் தாலி கட்டினார்.

அதற்குப் பிறகு டேக்குகள் நகர் முழுக்கப் பரவின. இசக்கியின் பிரியாணிக் கடையில் யாரோ உப்பு அதிகம் என்று சொல்லிவிட, மத்தியானம் தம் போட்டு மூடியிருந்த அண்டாவில் அப்படியே கட்டிவிட்டார்கள். இசக்கி சங்கத்துக்கு ஓடினான்.

"ஏ அண்ணாச்சி, கறிக்கு டேக்கப் படிக்கத் தெரியுமா? அது பாட்டுக்குக் கெட்டுப் போவும்லா!"

பேச்சிராஜ் அவன் தோளில் கை போட்டார். "தம்பி, ஒரே ஊர்க்காரன்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. கெட்டுப் போனா அது தனிக் கேஸு. அதுக்கு இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. உப்புக் கேஸு முதல்ல முடியட்டும்."

நான்காம் நாள் நாற்றம் தாங்காமல் பக்கத்து மருந்துக் கடைக்காரர் புகார் கொடுத்தார். ஏற்கெனவே ஹோல்டில் இருக்கும் பொருளின்மேல் இன்னொரு புகாரை ஏற்க முறையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மருந்துக் கடைக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்.

தெருநாய் ஒன்று குரைத்ததால் அதற்கும் கட்டினார்கள். ஆனால் நாய் கழுத்தில் அட்டையோடு ஊர் சுற்றியது. ஹோல்டில் உள்ள பொருள் நடமாடக் கூடாது என்பதால், கிளப் ஹவுஸ் வாசலில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெரிய சதுரம் வரைந்து, நகரக்கூடிய பொருள்கள் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். சைக்கிள்கள், இஸ்திரி வண்டி, ஓர் ஆட்டுக்குட்டி எல்லாம் அதில் வந்து நின்றன. நாய் மட்டும் நிற்கவில்லை. அது எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை.

கடைசியில் ஏரிக்கரையில் ஒரு கம்பு நட்டு ஏரிக்கும் கட்டினார்கள். குறை: அதிகம். அன்றிலிருந்து யாரும் அதில் பைக் கழுவவில்லை.

மனை விற்கிற புரோக்கர்கள் 'டேக் இல்லாத தெரு' என்று போர்டு வைத்தார்கள். பக்கத்துத் தெருவில் பூட்டிய வீடுகளில் திருட்டுப் போயிற்று. சக்திகுமார் வீட்டில் மட்டும் போகவில்லை. திருடன் கதவு வரைக்கும் வந்து, பூட்டை உடைக்கக் கொண்டுவந்த கம்பியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பியிருந்தான். ஏதோ கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவனாக இருக்க வேண்டும் என்று போலீசார் சந்தேகப்பட்டார்கள்.

ஜெபகுமாருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அதைவிட, தன் ரூமில் ஓர் ஆள் அதிகமாகப் படுத்திருப்பது பொறுக்கவில்லை.

"டேய், மாசக் கணக்கா என் லுங்கியக் கட்டிக்கினு சுத்துற. ஒரு அட்டை. ஒரு கயிறு. பிச்சுப் போட்டு உள்ள போடா."

"நீ வந்து பிய்யி."

"வரேன் வா. உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளியா நானு?"

இருவரும் பைக்கில் வந்தார்கள். ஜெபகுமார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படியேறினான். அட்டைக்கு நேராகக் கையைக் கொண்டுபோனான். ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. இன்னொரு கையைக் கொண்டுபோனான். அதுவும் அங்கேயே நின்றது.

"இன்னாடா?" என்றான் சக்திகுமார்.

"வரலடா." ஜெபகுமார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூளை போ போங்குது. கை வர மாட்டேங்குது."

திரும்பும்போது வழியில் டீ குடித்தார்கள். அதன் பிறகு ஜெபகுமார் லுங்கியைப் பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது. சுவரும் காய்ந்துவிட்டது. சக்திகுமார் தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்துவிட்டுப் போவான். மோகனப்ரியா போன் செய்யும் நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான்.

"எங்க கீற?" என்பாள்.

"வூட்டாண்டதான்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"குரல் இன்னாவோ வெட்டவெளில நின்னு பேசற மாதிரி கீது. வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லா கீதாம். தை வெள்ளி. புள்ளையக் கூட்டிக்கினு வந்துர்றேன். மூணாம் மாசத்த உட்டா அஞ்சாம் மாசந்தான். நான் இங்க அதுவரைக்கும் இருக்க மாட்டேன், எங்கண்ணி மூஞ்சிய பாத்துக்கினு. வூட்டப் பெருக்கித் தொடச்சு வைய்யி, இன்னா?"

"சரி" என்றான் சக்திகுமார். ஜன்னல் வழியாகப் பார்த்தான். தரையில் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது.

கமிட்டியைக் கூட்டும்படி கேட்டுக்கொண்டான். கூடியது. முதலில் பேச்சிராஜ் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். 'என் பாதுகாப்பும் என் குடும்பத்தின் பாதுகாப்பும் என் பொறுப்பு' என்ற இடத்தில் சக்திகுமாரின் குரல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

கோபிநாத் தொடங்கினார். "ஹோல்ட் பொருளுக்கு மூணு முடிவுதான். அப்படியே ஏத்துக்கறது. சரி பண்ணி ஏத்துக்கறது. ஸ்கிராப். ஸ்கிராப்னதும் பயந்துடாதீங்க சக்தி. இடிக்கவெல்லாம் மாட்டோம். பெயிண்ட்ல குறுக்கால ஒரு கோடு போட்டுடுவோம், அவ்வளவுதான்."

"சார், வெள்ளிக்கிழமை என் சம்சாரம் குழந்தையோட வருது."

பேச்சிராஜ் பதிவேட்டைப் புரட்டினார்.

"குழந்தையா?" என்றார் கோபிநாத். "எப்போ?"

"ஐப்பசில பொறந்துச்சு சார்."

"சங்கத்துக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

"ஸ்வீட் குடுத்தேன் சார். நீங்ககூட ரெண்டு எடுத்துக்கினீங்க."

"ஸ்வீட் தகவல் ஆகாது." கோபிநாத் வருத்தத்தோடு தலையசைத்தார். "உங்க வீட்டுக்கு ரெண்டு பேர்னு அப்ரூவல் ஆகியிருக்கு. இப்போ மூணு. இது ஆள் மாற்றம் சக்தி. உங்க லைன்ல புது ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க, நீங்களே சொல்லுங்க."

"ட்ரெயினிங் குடுப்போம் சார். கையில பச்சைப் பட்டை கட்டுவோம்."

"உங்க குழந்தைக்குக் கட்டினீங்களா?"

"கறுப்புக் கயிறுதான் சார் கட்டியிருக்காங்க."

கமிட்டி உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சிராஜ் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காத. எனக்கும் பிள்ளைய இருக்கு. ஆனா கறுப்புங்கது நம்ம கலர் சார்ட்லயே கிடையாதுலா."

"சரி, அதைப் பிறகு பார்ப்போம்" என்றார் கோபிநாத். "வீட்டை ரிலீஸ் பண்ணலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல. கஸ்டமர் கையெழுத்து ஒண்ணு போதும்."

சக்திகுமார் நிமிர்ந்தான். "நான்தான் சார் கஸ்டமர். குடுங்க, போடறேன்."

"நீங்க மூல காரணம் ஆச்சே."

"வூட்ட வாங்கினது நான்தானே சார்?"

"அதனாலதான் மூல காரணம். கோளாறுக்குக் காரணமே கோளாறு தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டா, அந்த சிஸ்டத்துக்கு என்ன மரியாதை? உங்க கம்பெனில ஒத்துப்பாங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சக்திகுமாருக்கு அது நன்றாகவே தெரியும். "இல்ல சார்" என்றான். வேறு கஸ்டமர் கிடைக்கும்வரை கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள். சக்திகுமாரும் ஒன்று சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பத் தயாராகச் சீருடையில் வாசற்படிக்குக் கீழே நின்றிருந்தான். மோகனப்ரியாவின் அண்ணன் ஓட்டிவந்த லோடு ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. பின்னால் தொட்டில், பாத்திரங்கள், ஒரு மூட்டை துணி. முன்னால் மஞ்சள் புடவையில் மோகனப்ரியா, மடியில் குழந்தை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தவள். அங்கே டேக் என்றால் விலை எழுதிய சீட்டு. பில் போட்டதும் கத்தரித்துக் கூடையில் போட வேண்டியது. இறங்கியதும் கதவைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கதவுல சேப்பாத் தொங்குது?"

"டேக்."

"வூட்ட விக்கப் போறியா?"

"இல்ல. ஹோல்டு."

"ஹோல்டுன்னா?"

"உள்ள போவக் கூடாது."

"ஏன், உள்ள தண்ணி கீதா?"

"இல்ல. அது எப்பவோ காஞ்சிருச்சு."

"பாம்பு கீம்பு கீதா?"

"இல்ல."

"பின்ன இன்னாதான் கீது?"

"டேக் கீது" என்றான் சக்திகுமார்.

மோகனப்ரியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ இத்தினி நாளு எங்க படுத்த?"

"ஜெபா ரூம்ல."

"போன்ல வூட்டாண்ட கீறேன்னு சொன்ன?"

"வூட்டாண்டதான் இருந்தேன். உள்ள இல்ல."

அவள் அண்ணன் தொட்டிலை இறக்குவதை நிறுத்திவிட்டு, "மாப்ள, வெயில்ல புள்ள வதங்குது" என்றான். அதற்குள் விஷயம் பரவி, கோபிநாத்தும் பேச்சிராஜும் கமிட்டி உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்த மஹாலட்சுமி, கரைத்த ஆரத்தித் தட்டோடு எதிர்ப்புறம் நின்றார். குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

கோபிநாத் குனிந்து பார்த்தார். "குழந்தை ஏன் அழறது?"

"பசிக்குது சார்" என்றாள் மோகனப்ரியா.

"ஏன் பசிக்கறது?"

"பால் குடிச்சு நேரமாச்சு."

"ஏன் நேரமாச்சு?"

மூன்றாவது ஏன். கமிட்டியில் ஒருவர் பேனாவை எடுத்தார்.

மோகனப்ரியா குழந்தையை அண்ணனிடம் கொடுத்தாள். படியேறினாள். அட்டையின் கயிற்றில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். நகத்தால் ஒரு தட்டு, விரலால் ஓர் இழுப்பு. டேக் அவள் கைக்கு வந்துவிட்டது.

தெரு முழுவதும் மூச்சை நிறுத்தியது. பேச்சிராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் குப்பைக்கூடை தேடிச் சுற்றிலும் பார்த்தாள். இல்லை. கீழே போடப் போனாள்.

"கீழ போடாத! கீழ போடாத!" என்று சக்திகுமார் கத்தினான். டேக் தொங்கிய நாளிலிருந்து அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

மோகனப்ரியா இறங்கி வந்து அவன் எதிரே நின்றாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் சீருடையின் மேல் பட்டனில் டேக்கை மாட்டி, புடவைக் கடையில் பார்சல் கட்டுவது மாதிரி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"அப்போ நீயே வச்சுக்க. சாவிய குடு."

கொடுத்தான். மஹாலட்சுமி ஆரத்தி சுற்றினார். மோகனப்ரியா குழந்தையை வாங்கிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். பின்னாலேயே தொட்டில் போயிற்று. உள்ளே ஜன்னல்கள் திறந்துகொள்ளும் சத்தமும் துடைப்பச் சத்தமும் கேட்டன. சிறிது நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது.

வெளியே கமிட்டி கூடி ஆலோசித்தது. சட்டென்று கோபிநாத்தின் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் இங்க கவனிங்க. டேக் எதுல இருக்கோ அதுதான் ஹோல்ட். வீட்டுல டேக் இருக்கா? இல்ல. அப்போ வீடு ஓகே. இப்போ டேக் யார் மேல இருக்கு? சக்தி மேல. சக்தி யாரு? மூல காரணம்." அவர் குரல் தழுதழுத்தது. "முப்பது வருஷ சர்வீஸ்ல கோளாறை மட்டும்தான் நான் டேக் பண்ணியிருக்கேன். மூல காரணத்தையே டேக் பண்ணினது இதுதான் முதல் தடவை. டேக்கை மாத்தின மேடம் எந்தக் கம்பெனின்னு கேட்டு வைங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். சக்திகுமார் கையைத் தூக்கினான். தான் தட்டலாமா என்று தெரியாததால் இறக்கிக்கொண்டான்.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யோவ், உள்ள வாய்யா! புள்ளைய வந்து தூக்கு!"

சக்திகுமார் கோபிநாத்தைப் பார்த்தான். அவர் மறுப்பாகத் தலையசைத்தார். "ஹோல்ட் பொருளை ஓகே பொருளோட சேர்த்து வைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவனே புது ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அந்த நேரத்துக்கு எப்போதும் வருவதுதான். சக்திகுமார் அதை நோக்கிப் போனான். டிரைவர் அவன் சட்டையைப் பார்த்தார். கதவை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெபகுமார் கையை ஆட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கமிட்டி எப்போ சார் கூடும்?" என்று கேட்டான் சக்திகுமார்.

"ஞாயிற்றுக்கிழமை. ஆள் சேர்ந்தா."

"சரி சார்."

யாரும் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை. பேச்சிராஜ்கூட, "நெழலு பாத்து நில்லு தம்பி" என்றுதான் சொன்னார். அவனே கிளப் ஹவுஸ் வாசலுக்கு நடந்தான். சிவப்புச் சதுரத்துக்குள் இஸ்திரி வண்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டுச் சமையலறை ஜன்னல் நேராகத் தெரிந்தது. மோகனப்ரியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் வந்து நின்றாள். "யோவ்!" என்று கூப்பிட்டாள். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை.

சக்திகுமார் கீழே பார்த்தான். இடது காலின் ஷூ நுனி சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருந்தது. உள்ளே இழுத்துக்கொண்டான்.